மூப்பறியா முகம்: அகஸ்டஸ் சீசரின் வாழ்வும் வடிவங்களும்

கி.பி. 14ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், இத்தாலியின் தெற்கே நோலா என்னும் ஊரில், தன் தந்தை உயிர்விட்ட அதே அறையில் அகஸ்டஸ் சீசர் கண்ணை மூடினான். அந்தத் திங்களுக்கே அவன் உயிரோடிருந்தபோது அவன் பெயரை இட்டிருந்தார்கள். 76 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. அவனைக் காட்டும் சிலைகளும் தலைகளுமாக இன்று 200க்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. வேறெந்த உரோமப் பேரரசனுக்கும் இத்தனை இல்லை. அவற்றுள் ஒன்றிலேனும் கிழவன் ஒருவனைக் காண முடியாது.

உரோமரிடையே இது புதுமை. அவர்களுடைய பெருங்குடிகளில் முன்னோரின் மெழுகு முகங்களைக் கூடத்து அலமாரிகளில் வைத்துப் போற்றுவது வழக்கம். வீட்டில் ஒருவர் இறந்தால் அம்முகங்களை அணிந்து ஆட்கள் ஊர்வலத்தில் நடப்பார்கள். இறந்தவரை அவருடைய பாட்டன், பூட்டன் எல்லாரும் வழியனுப்புவதாகப் பொருள். குடியரசுக் காலத்துச் சலவைக்கல் தலைகளைப் பார்த்தவர்கள் அவற்றை மறப்பதில்லை. குழிந்த கன்னம், பல் விழுந்த வாய், மரு, நெற்றிச் சுருக்கம் என எதையும் சிற்பி மறைக்கவில்லை. முதுமை என்பது ஊருக்கு உழைத்த தழும்பு என்று அந்த மக்கள் எண்ணினார்கள். அந்த மரபில் வந்த ஒருவன் நாற்பது ஆண்டுக்கு மேல் தனியாட்சி செய்து, தன் முகத்தை மட்டும் முப்பது வயதுக்கு அப்பால் நகரவிடாமல் நிறுத்திக்கொண்டான்.

கி.மு. 63 செப்டம்பர் 23 அன்று பிறந்த அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் காயஸ் ஆக்டேவியஸ். நான்கு வயதில் தந்தையை இழந்தான். தாய் அட்டியா, ஜூலியஸ் சீசரின் உடன்பிறந்தாள் மகள். கி.மு. 44 மார்ச் 15இல் சீசர் குத்திக் கொல்லப்பட்டபோது அவன் கடல் கடந்து, இன்றைய அல்பேனியாவில் உள்ள அப்பலோனியாவில் படித்துக்கொண்டிருந்தான். சீசரின் உயில் அவனை மகனாகவும் வாரிசாகவும் ஏற்றிருந்தது. அப்போது அவனுக்கு வயது 18. உடலோ அடிக்கடி நோயில் விழும் உடல். அவன் உரோமாபுரிக்குத் திரும்பியபோது அங்கிருந்த பெரியவர்களில் பலர் அவனை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

சிசரோ மட்டும் அவனைத் தூக்கிப் பேசினார். ஆண்டனிக்கு எதிராக இந்த இளைஞனைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அந்த நாவலரின் கணக்கு. கணக்கு தவறியது. கி.மு. 43இல் ஆண்டனி, லெப்பிடஸ், இளைய சீசர் மூவரும் கூட்டுச் சேர்ந்தனர். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல் பொது இடத்தில் எழுதி வைக்கப்பட்டது. அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. எந்த மேடையில் நின்று அவர் பேசினாரோ அந்த மேடையிலேயே அவருடைய தலையும் கையும் வைக்கப்பட்டன. அந்நாளைய காசுகளில் இளைஞனின் கன்னத்தில் மெல்லிய தாடி தெரிகிறது. வளர்ப்புத் தந்தைக்காகத் துக்கம் காத்த தாடி அது. பட்டியலில் கையெழுத்திட்டவனும் அந்தத் தாடிக்காரன்தான்.

இந்தப் பட்டியலை உரோமச் சிற்பம் எதுவும் பேசவில்லை, பேசியிருக்கவும் முடியாது. 1566இல் அந்துவான் கரோன் என்ற பிரெஞ்சு ஓவியர் பேசினார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த பிரான்ஸில் இருந்து வரைந்தவர் அவர். இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் மூவரும் தொலைவில் சிறியவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். முன்னே எங்கு நோக்கினும் வாள்வீச்சும் தலையற்ற உடல்களும். அக்காலத்தில் கட்டப்பட்டே இராத கொலோசியமும் காட்சிக்குள் நிற்கிறது. வரலாற்றாசிரியர் அதைப் பிழை என்பார். ஆனால் ஆணையிட்டவர்கள் தூரத்தில் அசையாமல் இருக்க, அருகில் ஊர் அழிவதை இந்த ஓவியத்தைப் போலச் சொன்ன படம் இன்னொன்று அரிது. அகஸ்டஸின் இளமைக்கு உண்மையாக இருப்பது பளிங்கைவிட இந்த ஓவியம்தான்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் போரிலும் சூழ்ச்சியிலும் கழிந்தன. லெப்பிடஸ் ஒதுக்கப்பட்டான். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியும் கிளியோபாட்ராவும் தோற்றனர். மறு ஆண்டு எகிப்து வீழ்ந்தது. வென்றவன் எகிப்து அரசியைச் சந்தித்த காட்சியைப் பிற்கால ஓவியர் பலர் விரும்பி எடுத்துக்கொண்டனர். 1640இல் இத்தாலியரான குவெர்சீனோ வரைந்த படத்தில் அவள் அவன் முன் மண்டியிடுகிறாள். இருந்தும் பார்ப்பவர் கண் அவளிடமே போகிறது. வென்றவனை வரைந்தவர்கள் தோற்றவளைத்தான் உயிரோடு வரைந்தார்கள். அவனிடம் ஓவியர்களுக்குக் கிடைத்தது குளிர்ந்த முகம் ஒன்றே.

கி.மு. 27இல் ஆட்சி மன்றம் அவனுக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தைத் தந்தது. வணக்கத்துக்குரியவன் என்று பொருள் கொள்ளலாம். அரசன் என்ற சொல்லை உரோமர் வெறுத்ததால், அரசன் என்று தன்னை அழைத்துக்கொள்ளாமலே அரசாண்டான். அப்பட்டத்தை ஒட்டிய காலத்தில் புதிய முகம் ஒன்றும் தோன்றியது. தாடி போயிற்று. இளைஞனின் பரபரப்பும் போயிற்று. நானூறு ஆண்டு முற்பட்ட கிரேக்கச் சிற்பங்களின் அமைதி வந்து அமர்ந்தது. நெற்றியின் மேல் மயிர்க் கற்றைகள் ஓரிடத்தில் கவைபோலப் பிரியும். பக்கத்தில் இடுக்கிபோல ஒன்றை ஒன்று நோக்கி வளையும். இதுதான் அடையாளம். இன்றும் மண்ணில் ஒரு தலை அகப்பட்டால் ஆய்வாளர் கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு முதலில் இந்தக் கற்றைகளைத்தான் எண்ணுகிறார்கள். தலைநகரில் உருவான மூல வடிவத்தை அச்செடுத்து மாகாணங்களுக்கு அனுப்ப, அங்கங்கே இருந்த சிற்பிகள் அதைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்று கருதப்படுகிறது. அவனை நேரில் கண்டிராத சிற்பி, அவனை ஒருநாளும் காணப்போகாத குடிமகனுக்குச் செய்து தந்த முகம் அது.

இந்த வகைச் சிலைகளுள் தலைசிறந்தது 1863 ஏப்ரல் 20 அன்று உரோமாபுரிக்கு வடக்கே பிரீமா போர்த்தாவில், அவன் மனைவி லிவியாவின் தோட்ட மாளிகையில் கிடைத்தது; இப்போது வத்திக்கனில் இருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். வலக்கை உயர்ந்து படையிடம் பேசும் பாவனை; நிற்கும் நிலை கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸின் ஈட்டி வீரனிடம் கடன் வாங்கியது. மார்புக் கவசத்தில் ஒரு கதை செதுக்கப்பட்டுள்ளது. கி.மு. 53இல் பார்த்தியரிடம் உரோமர் தோற்று இழந்த படைச் சின்னங்கள் கி.மு. 20இல் திரும்பி வந்த கதை. அதை அவன் போரிட்டுப் பெறவில்லை, பேசிப் பெற்றான். கவசமோ வெற்றியாகவே காட்டுகிறது. போர்க்கவசம் பூண்டவன் காலில் செருப்பில்லை. தேவர்களும் வீரப் பெருமக்களும்தான் அப்படி வெறுங்காலில் நிற்பார்கள். காலருகே டால்பின் மீதேறிய காமன், இவன் வீனஸ் தேவியின் குடிவழி என்று சொல்லாமல் சொல்கிறான்.

சுவெட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே மனிதனை எழுத்தில் வரைந்தார். பல் சிறியது, இடைவெளி விட்டது, பராமரிப்பு இல்லாதது. உயரம் குறைவு, அதை ஈடுகட்டத் தடித்த அடி வைத்த செருப்பு. புருவங்கள் கூடியவை, உடலெங்கும் மச்சங்கள், முதுமையில் இடக்கண்ணில் பார்வை மங்கல். கண்களில் ஒளி இருந்ததாம். தான் உற்றுப் பார்க்கும்போது எதிரில் இருப்பவர் சூரியனைக் கண்டதுபோலத் தலை தாழ்த்தினால் அவனுக்கு மகிழ்ச்சியாம். சிலை பல்லைக் காட்டாது, மச்சத்தையும் காட்டாது. சூரியன் விஷயத்தில் மட்டும் சிற்பியும் வரலாற்றாசிரியரும் ஒத்துப் போகிறார்கள்.

தன் சாதனைகளைத் தானே தொகுத்து எழுதி வைத்த பட்டயத்தில் அவன் ஒரு செய்தி தருகிறான். நகரில் தனக்கு நாட்டப்பட்டிருந்த, நின்ற கோலத்தும் குதிரை மீதும் தேர் மீதுமான, ஏறத்தாழ 80 வெள்ளிச் சிலைகளை அகற்றி, அந்தப் பணத்தில் அப்பல்லோ கோயிலுக்குப் பொன் காணிக்கை செய்தானாம். அடக்கம் என்று தோன்றும். அடக்கம் என்று தோன்ற வேண்டும் என்பதும் அதில் அடக்கம். உருக்கியதைக் கல்லில் பொறித்து வைத்தவன் அல்லவா?

அவன் கைக்கு எட்டாத இடங்களில் அந்த முகத்துக்கு நேர்ந்தது வேறு. எகிப்தின் தென்னெல்லையில் உரோமர் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களைக் குஷ் நாட்டார் கி.மு. 25ஐ ஒட்டித் தாக்கிச் சிலைகளைப் பெயர்த்தனர். அப்படி வெட்டி எடுக்கப்பட்ட ஒரு வெண்கலத் தலை அவர்கள் தலைநகரான மெரோவேயில், கோயில் ஒன்றின் படிக்கட்டின் கீழ் புதைக்கப்பட்டது. ஏறுவோர் ஒவ்வொருவர் காலும் அதன் மேல். 1910இல் தோண்டியபோது, கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் அப்படியே விழித்திருந்தன. மணல்தான் காப்பாற்றியது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில், எல்லாருக்கும் மேலே பார்ப்பதுபோல அது இருக்கிறது. அவமானத்துக்காகப் புதைத்ததே அவனுடைய தலைகளுள் மிகவும் உயிருள்ளதாக மிஞ்சியது.

அந்த முகம் தமிழகத்துக்கும் வந்தது, காசாக. மிளகுக்கும் மணிகளுக்கும் யவனர் கொட்டிய வெள்ளியில் அகஸ்டஸின் ஒரு வகைக் காசு மிகுதி. கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்துள்ளது. ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரு இளைஞர்கள். அவர்கள் காயஸும் லூசியஸும், அவன் வாரிசாக ஏற்ற பேரப்பிள்ளைகள். லூசியஸ் கி.பி. 2லும் காயஸ் கி.பி. 4லும் இறந்தனர். பேரன்மார் மறைந்த பின்னும் அவர்கள் பெயரால் கண்ட கனவு இங்கே கைமாறிக்கொண்டே இருந்தது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான அவற்றில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டு விழுந்திருந்தது. தேய்ந்த காசு மீண்டும் புழங்கக் கூடாது என்பதற்காக வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. பகையன்று, வியாபாரம். பேரரசனின் முகம் பொன்னின் எடைக்குமேல் ஒன்றும் பெறவில்லை.

அவன் இறந்த பின் முகத்தை இரவல் வாங்கியவர்கள் பலர். கி.பி. 1000ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு பொற்சிலுவை ஜெர்மனியின் ஆகன் பேராலயத்தில் உள்ளது. அதன் நட்டநடுவே, கிறிஸ்துவை எதிர்பார்க்கும் இடத்தில், வெற்றி மாலை சூடிய அகஸ்டஸின் மணிச்சிற்பம் பதிந்திருக்கிறது. ஏசு பிறந்தது இவன் ஆட்சியில் என்பதால் இடைக்காலத்தார் இவனை நல்ல சகுனமாகக் கொண்டனர். குறிசொல்லும் பெண்ணொருத்தி வானத்தில் தாயையும் சேயையும் காட்ட இவன் வணங்கினான் என்றொரு கதையும் கட்டினர். 15ஆம் நூற்றாண்டில் ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த பலிபீடப் படத்தில், பிளெமிஷ் பிரபுவின் உடையில், தூபக்கலசத்தோடு இவன் மண்டியிட்டிருக்கிறான். வாழ்நாளெல்லாம் பிறர் வணங்க நின்றவன். டிஷியன் 1536க்கும் 1540க்கும் இடையே மாந்துவா அரண்மனைக்கு வரைந்த பதினொரு சீசர்களில் இவனும் ஒருவன். அவை கை மாறி மாட்ரிட் சென்று 1734ஆம் ஆண்டுத் தீயில் சாம்பலாயின. செப்புத்தகட்டு அச்சுப் படிகளால்தான் நமக்குத் தெரிகின்றன. முசோலினி 1937இல் இவனுடைய இரண்டாயிரமாவது பிறந்தநாளைப் பெருங்கண்காட்சியாக்கினான். இவனுக்காக ஆட்சி மன்றம் எழுப்பிய அமைதிப் பலிபீடத்தின் எஞ்சிய துண்டுகளை எடுக்க, நீர் ஊறிய நிலத்தை உறையவைத்துத் தோண்டினார்கள். அமைதியின் பெயரால் நின்ற அந்தக் கல் 1938இல் பொருத்தி முடிந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது.

சிற்பிகளைவிட இவனுக்கு மிகவும் தேவைப்பட்டவர்கள் கவிஞர்கள். நண்பன் மெசினாஸ் வழியாக அவர்களைத் திரட்டினான். ஹொரேஸைத் தன் கடிதச் செயலராக அழைத்தான். அவர் நயமாக மறுத்துவிட்டார். அவன் கோபித்ததாகத் தெரியவில்லை. வர்ஜில் தன் பெருங்காப்பியம் முற்றுப்பெறவில்லை என்று அதை எரித்துவிடச் சொல்லிக் கி.மு. 19இல் இறந்தபோது, எரிக்கக் கூடாதென்று தடுத்து வெளியிடச் செய்தவன் இவனே. இந்த ஒரு செயலுக்காகக் கவிஞர் குலம் இவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1743இல் தியெப்போலோ என்ற வெனிஸ் ஓவியர், மெசினாஸ் கலைகளை இவன் முன் அழைத்து வருவதாக ஒரு சிறு படம் வரைந்தார். ஓவியமும் சிற்பமும் கட்டடக்கலையும் பெண்களாக வருகின்றன. கவிதை மட்டும் பெண்ணாக வரவில்லை. சிறுவன் கைப்பிடித்து வழிகாட்ட, கண்ணற்ற ஹோமராக வருகிறது.

வர்ஜில் காப்பியத்தின் ஆறாம் பகுதியை இவன் முன் படித்தபோது, அகாலமாக இறந்த மார்செல்லஸைப் பற்றிய அடிகளில் அவன் தாய் ஆக்டேவியா மயங்கிச் சாய்ந்தாள் என்பது பழைய செய்தி. இவனுடைய உடன்பிறந்தாள் அவள். மார்செல்லஸ் இவனுக்கு மருமகனும் வாரிசாகக் கருதப்பட்டவனும். அவன் சாவில் லிவியாவுக்குப் பங்குண்டு என்ற பேச்சும் அன்று இருந்தது. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் இக்காட்சியை விடாமல் திரும்பத் திரும்ப வரைந்தார். 1812ஆம் ஆண்டுப் படம் துலூஸில் உள்ளது. மயங்கியவள் இவன் மடியில். இவன் கை கவிஞரை நிறுத்தும்படி உயர்ந்திருக்கிறது. லிவியா கல்போல அமர்ந்திருக்கிறாள். பிரஸ்ஸல்ஸில் உள்ள இன்னொன்று பெரிய ஓவியத்திலிருந்து வெட்டிய துண்டு. அதில் மூவர் மட்டுமே. வர்ஜில் இல்லை. ஆனால் மூன்று முகங்களிலும் இருப்பது அவர் படித்த அடிகள்தான்.

எல்லாக் கவிஞருக்கும் இந்தக் கை இப்படி உயர்ந்ததில்லை. கி.பி. 8இல் ஓவிட், கருங்கடற்கரையில் உள்ள தோமிஸுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா. காதற்கலை பற்றிய கவிதை ஒன்றும் வேறொரு பிழையும் காரணம் என்கிறார் அவர். பிழை இன்னதென்று கடைசிவரை சொல்லவில்லை. விசாரணை மன்றம் இல்லை, பேரரசனின் சொல் ஒன்றே தீர்ப்பு. அங்கே அவருக்கு உரோமாபுரி நண்பர் ஒருவர் அகஸ்டஸ், திபேரியஸ், லிவியா மூவரின் வெள்ளி உருவங்களை அனுப்பினார். பனி உறையும் ஊரில், தன்னைத் துரத்தியவனின் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது கடுகடுக்கிறதா, இரங்குகிறதா என்று பார்த்தபடி ஓவிட் ஒரு கவிதை எழுதினார். முகத்தில் கொஞ்சம் கனிவு தெரிவதாக அவருக்குத் தோன்றியது. புகழ்ச்சி என்று அதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் மாறாத முகம் எதற்குச் செய்யப்பட்டது என்பதை அந்த ஒரு பார்வைபோல விளக்குவது வேறில்லை. வெள்ளி மாறவில்லை. ஓவிட் அங்கேயே இறந்தார்.

டெலக்ருவா 1859இல் வரைந்த ஓவியத்தில் மலையடிவாரப் பசும்புல்லில் ஓவிட் சாய்ந்திருக்கிறார். அந்நிலத்து மக்கள் வியப்போடும் பரிவோடும் சூழ்ந்து நிற்கிறார்கள். முன்னே ஒருவன் குதிரையில் பால் கறக்கிறான். அகஸ்டஸ் படத்தில் எங்கும் இல்லை. ஆயினும் கவிஞர் அங்கே கிடப்பதற்கு வேறு காரணமும் இல்லை. 1887இல் கான்ஸ்டன்ட்சாவில் ஓவிட்டுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. குனிந்த தலை, சிந்தனையில் மோவாயைத் தாங்கும் கை. 2017இல் உரோமாபுரி நகர மன்றம் அந்தத் தண்டனையை நீக்கித் தீர்மானம் இயற்றியது.

நோலாவில் அந்த இறுதி நாளன்று அகஸ்டஸ் ஒரு கண்ணாடி கேட்டான். தலைமயிரைச் சீவிவிடச் சொன்னான்; தொங்கிப்போன தாடையைச் சரிசெய்யச் சொன்னான். பிறகு நண்பர்களை அழைத்து, வாழ்க்கை என்னும் நாடகத்தில் தன் வேடத்தை ஒழுங்காக நடித்தேனா என்று கேட்டான். அன்று கண்ணாடியில் தெரிந்த முகத்தை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. உடலைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். தந்தமும் பொன்னும் இழைத்த கட்டிலின் அடியில் பெட்டிக்குள் உடல் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. கட்டிலின் மேல், வெற்றி விழா உடை உடுத்த மெழுகு உருவம் ஒன்றை எல்லாரும் பார்க்கக் கிடத்தியிருந்தார்கள். ஆட்சி மன்றத்திலிருந்து பொன் உருவம் ஒன்று வந்தது, தேரில் இன்னொன்று. பின்னால் முன்னோரின் முகங்கள் நடந்தன.